முத்திரை வைத்த அறையில் எரிந்த விளக்கு

கிட்ட வாங்க கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவை ஒருக்களித்து வைத்தால் போதும். பாதியில் வருகிறவர்களும் வந்து உட்காரட்டும். இன்றைக்கு ஒரு துப்பறியும் கதை. கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது, பிணம் என்று பார்த்தால் பாதியில் செத்துப்போகிற ஒரு பேச்சு மட்டும்தான். ஆனால் ஒரு பெண்ணுடைய வேலை இதில் ஊசலாடுகிறது, அதனால் சிரித்துக்கொண்டே இருந்தாலும் அவளை மறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு நிபந்தனை: நடுநடுவே "ம்" கொட்டணும். சத்தமே வராவிட்டால் தூங்கிவிட்டீர்கள் என்று நிறுத்திவிடுவேன். எதற்கு இந்தப் பிடிவாதம் என்பது போகப்போகத் தெரியும்.

நம்ம துப்பறிவாளருக்குப் பேர் கழுகு. அவராகவே வைத்துக்கொண்டது. விசிட்டிங் கார்டில் சிறகை விரித்த கழுகின் படம் உண்டு; அச்சகத்துக்காரர் கைவண்ணத்தில் அது குளிருக்கு நடுங்கும் கோழி மாதிரி வந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று கழுகுக்குத் தெரியாது.

அவருக்கு உதவியாளர் அவருடைய அண்ணி. தொலைபேசி நிலையத்தில் வெகுகாலம் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். "இவனைத் தனியா விடாதே, யாரையாவது பிடிச்சு உள்ள போட்டுடுவான்" என்று அண்ணன் சொன்னதால் கூடவே வர ஆரம்பித்தார். காரை ஓட்டுவதும் அவர்தான்.

அன்று காலை காரில் ஏறியதிலிருந்தே கழுகு கடுகடுவென்று இருந்தார். அவருடைய மேஜை விளக்கு காணாமல் போய்ச் சில வாரங்கள் ஆகின்றன. கழுத்தை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். கைரேகை பார்ப்பதற்கென்று ஆசை ஆசையாய் வாங்கியது.

"மாடி வீட்டுக்காரர்தான் அண்ணி. என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிக்கிறார். விளக்கை எடுத்தவன்தான் அப்படிச் சிரிப்பான்."

"நீங்க சட்டையை உள்வெளியா மாத்திப் போட்டுட்டு நின்னீங்க தம்பி. அதுக்குச் சிரிச்சார்."

"துப்பறியறவன் எல்லாரையும் சந்தேகப்படணும் அண்ணி."

"படுங்க. கண்ணாடியையும் அப்பப்ப பாருங்க."

கார் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து ஒரு துறையின் வாசலில் நின்றது. இந்தத் துறைக்கு கழுகு வருவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை, பெரிய வகுப்பறையின் சுவர்க் கடிகாரம் காணோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையை கழுகு அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். கதவைப் பூட்டி, காகிதம் ஒட்டி, அதில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். மறுநாள் கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலிருந்து திரும்பி வந்தது. முத்திரை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. தொழில் வாழ்க்கையில் தான் செய்த எதுவும் இவ்வளவு நாள் நிலைத்ததில்லை என்பதால் கழுகுக்கு அதன்மேல் தனிப் பாசம்.

துறைத் தலைவர் தன் அறையில் எழுந்து நின்றே வரவேற்றார். கதவோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். துறையின் கம்ப்யூட்டர் வலையைப் பார்த்துக்கொள்பவள். எல்லாரும் நெட்வொர்க் மேடம் என்பார்கள். அவளுடைய சாவிக்கொத்து தலைவரின் மேஜைமேல் கிடந்தது. அவள் பார்வை நிமிடத்துக்கொரு தரம் அந்தக் கொத்துக்குப் போய்த் திரும்பியது.

"நாசவேலை சார் இது," என்றார் தலைவர். "பெரிய வகுப்பறையில எல்லாருக்கும் இடம் பத்தாது. அதனால அங்க பேசறது வலை வழியா நூலகம், ஆய்வகம், கூட்ட அறைன்னு எல்லா இடத்துக்கும் போகுது. மல்ட்டிகாஸ்ட்னு பேர். ரொம்ப நாளா நல்லாத்தான் ஓடிச்சு. இப்போ பேச ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல எல்லா அறையிலயும் அப்படியே நின்னுடுது. வகுப்பறையில நின்னு பேசறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. போன தடவை நான் வெறும் சுவத்துக்குப் பேசியிருக்கேன் சார்!"

"மல்ட்டிகாஸ்ட்னா?" என்றார் கழுகு, ஏதோ தெரிந்ததைச் சரிபார்ப்பது போல.

நெட்வொர்க் மேடம் வாய் திறந்தாள். "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்பாம ஒரே தடவை அனுப்பறது சார். வழியில இருக்கற சுவிட்சுப் பெட்டிங்க, வேணும்னு கேட்டவங்களுக்கு மட்டும் நகல் எடுத்துக் குடுக்கும். கேக்காதவங்களைத் தொந்தரவு பண்ணாது."

"எங்க வீட்டுக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்றார் அண்ணி. "இவங்க அண்ணன் பேச ஆரம்பிச்சா கேக்காதவங்களுக்கும் சேர்த்துத்தான் வரும்."

தலைவர் சிரிக்கவில்லை. "எனக்கும் இவங்களுக்கும் ஒரு வாக்குவாதம். லீவு கேட்டாங்க, குடுக்கல. அந்த வாரத்துலேருந்துதான் இந்தக் கோளாறு. வலையைப் பத்தி இங்க இவங்களுக்கு மட்டும்தான் தெரியும். வேற யார் பண்ணியிருப்பா? இன்னைக்கு மதியம் நான் பேசறேன். மேலிடத்துலேருந்து வந்து கூட்ட அறையில உக்காந்து கேக்கப் போறாங்க. இன்னைக்கும் நின்னா, இவங்களுக்கு இங்க வேலை இல்ல."

"போன மாசம்தான் சார் இந்த வேலைக்குன்னே வீடு மாத்தினேன்," என்றாள் அவள், தலைவரிடம் இல்லை, கழுகிடம். "பொண்ணைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்கேன். நானே எதுக்கு சார் இதைக் கெடுக்கப் போறேன்? நான் ஒண்ணு சொல்லணும்..."

கழுகு கையை உயர்த்தினார். "சந்தேகத்துக்கு ஆளானவங்க கடைசியிலதான் பேசணும். அதுதான் முறை." பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "அந்த வாரம்னா, நான் கடிகாரத்துக்காக வந்தேனே, அந்த வாரமா?"

"அதே வாரம்தான்."

"பாத்தீங்களா அண்ணி! நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஆரம்பிச்சிருக்காங்க. நான் இருந்த வரைக்கும் பயம் இருந்திருக்கு."

அண்ணி அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். கழுகு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

முதலில் நோயைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் கழுகு. பெரிய வகுப்பறை மேடையில் அவரே ஏறிப் பேசுவது, அண்ணி நூலகத்தில் உட்கார்ந்து கேட்பது என்று ஏற்பாடு. நெட்வொர்க் மேடம் அவருடைய காலரில் ஒரு குட்டி மைக்கைக் குத்திவிட்டாள். "இது கம்பியில்லாதது சார். இந்தக் கட்டடத்துக்குள்ள எங்க வேணா நடந்துக்கிட்டே பேசலாம்," என்றாள்.

என்ன பேசுவது? தன் வெற்றிகளைப் பற்றிப் பேசலாம் என்று ஆரம்பித்தார். அவை சீக்கிரம் தீர்ந்துவிட்டன. வேறு வழியில்லாமல் தோல்விகளுக்கு வந்தார். அங்கே சரக்குக்குப் பஞ்சமே இல்லை. கல்யாண வீட்டில் நகைத் திருடன் என்று மாப்பிள்ளையைப் பிடித்துக் கொடுத்த இடத்தை உருக்கமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நிறுத்துங்க தம்பி. அங்க எப்பவோ நின்னுடுச்சு. நீங்க மாப்பிள்ளை காலரைப் பிடிச்சீங்க, படம் அப்படியே உறைஞ்சுபோச்சு. சுத்தி இருந்தவங்க எல்லாம் 'அப்புறம் என்னாச்சு'ன்னு என்னைக் கேக்கறாங்க. நூலகர் மட்டும் அதுக்கப்புறமும் தன் கம்ப்யூட்டர்ல கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்."

கழுகின் மூக்கு விடைத்தது. "எல்லாருக்கும் நின்னுச்சு. நூலகருக்கு மட்டும் நிக்கல. அண்ணி! ஆள் கிடைச்சாச்சு!"

"அதுக்குள்ளயா?"

நூலகர் வரவழைக்கப்பட்டார். பெஞ்சில் உட்கார்ந்தவர் காலை ஆட்டினார், பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"எப்படி உங்களுக்கு மட்டும் வந்தது?" என்று கழுகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எனக்கும் நின்னுச்சு சார். எனக்குத்தான் பொறுமையே கிடையாதே! நின்னா மூடிடுவேன், உடனே திறப்பேன். திறந்தா வந்துடும். கொஞ்ச நேரத்துல மறுபடி நிக்கும். மறுபடி மூடித் திறப்பேன். மத்தவங்க பாவம், மரியாதையா கையைக் கட்டி உக்காந்திருக்காங்க, வரும் வரும்னு."

"என்ன நியாயம் இது?" என்றார் அண்ணி. "அடக்கமா உக்காந்து கேக்கறவங்களுக்குப் போயிடுது. துருதுருன்னு இருக்கறவருக்குக் கிடைக்குது."

கழுகு கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார். உள்ளே ஏதோ பொறி தட்டியது. இது அடிக்கடி நடப்பதில்லை என்பதால், கலைந்துவிடக் கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

"வயரை யாராவது வெட்டியிருந்தா, மூடித் திறந்தா வருமா அண்ணி?"

"வராது."

"அப்போ யாரும் எதையும் வெட்டல. 'எனக்கு வேணும்'னு புதுசா கேட்டா குடுக்குது. அதுக்கப்புறம் சத்தம் போடாம உக்காந்திருந்தா, 'இவங்க எழுந்து போயிட்டாங்க'ன்னு அதுவே நினைச்சுக்கிட்டு நிறுத்துது!"

"அதைத்தான் சார் நான் காலையிலேருந்து சொல்ல வரேன்!" என்றாள் நெட்வொர்க் மேடம். "சின்னப் பிள்ளைக்குக் கதை சொல்லும்போது 'ம்' கொட்டுன்னு சொல்றோம்ல? அதே மாதிரி இங்கயும் ஒரு பெட்டி அப்பப்ப எல்லா அறையையும் கேக்கணும், 'இன்னும் கேக்கறீங்களா?'ன்னு. அறையில இருக்கற கம்ப்யூட்டருங்க 'ம்'னு சொல்லும். அந்த 'ம்' காதுல விழுந்தாத்தான் சுவிட்ச் தொடர்ந்து அனுப்பும். கேக்கற பெட்டி வாயை மூடிட்டா யாரும் 'ம்' சொல்ல மாட்டாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஆளே இல்லன்னு சுவிட்ச் நிறுத்திடும்."

அண்ணி தலையை ஆட்டினார். "எக்ஸ்சேஞ்சுல நாங்களும் அப்படித்தான். 'லைன்ல இருக்கீங்களா?'ன்னு கேப்போம். பதில் இல்லன்னா பிடுங்கிடுவோம்."

"அந்தக் கேக்கற பெட்டி எங்க இருக்கு?" என்றார் கழுகு.

"ஒரு பழைய கம்ப்யூட்டர் சார். பாத்தா குப்பைன்னுதான் நினைப்பாங்க. அதுமேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கணும், ஒட்டாதது என் தப்பு. திறந்து பாக்கணும்னு முதல் நாளே தலைவர்கிட்ட கேட்டேன். திறக்கக் கூடாதுன்னுட்டார்." அவள் தயங்கினாள். "மேடைக்குப் பின்னால, நீங்க சீல் வச்ச சாமான் அறையில இருக்கு."

கழுகு பெருமூச்சு விட்டார். நல்ல கோட்பாடு ஒன்று கையில் கிடைத்து, கெட்டியாகப் பிடிப்பதற்குள் வழுக்கிப்போகிறதே!

"முடியாதும்மா. அந்த அறைக்குள்ள ஒருத்தரும் போகல. என் கையெழுத்து கிழியாம இருக்கு. வாங்க, காட்டறேன்."

மேடைக்குப் பின்னால் நாலு பேரும் போனார்கள். முத்திரை அப்படியே இருந்தது. கழுகு அதை வாஞ்சையோடு தடவினார். அப்போது அண்ணி குனிந்து கதவுக்கு அடியில் கையை நீட்டிக் காட்டினார்.

கதவின் கீழ்ச் சந்தில் ஒரு கோடு வெளிச்சம்.

"ஜன்னலா?" என்று கிசுகிசுத்தார் கழுகு.

"ஜன்னலே கிடையாது சார்," என்றாள் நெட்வொர்க் மேடம். "விளக்கும் கிடையாது. பல்பு போய் வருஷக்கணக்காச்சு."

கழுகுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளியே முத்திரை, உள்ளே வெளிச்சம்! எத்தனை காலமாய் இப்படி ஒரு பூட்டிய அறைக்காக அவர் ஏங்கியிருக்கிறார்! ஆள் உள்ளே இருக்கிறான். சுவரைக் குடைந்தோ கூரையைப் பிரித்தோ வந்திருக்கிறான். நூலகரை விரட்டி, தலைவரிடமிருந்து சாவி வாங்கி வரச் சொன்னார்.

சாவி வந்ததும் நெட்வொர்க் மேடம் பின்வாங்கினாள். "நான் உள்ள வரக் கூடாதுன்னு உத்தரவு சார். நான் போய் எல்லா அறையிலயும் மறுபடி திறந்து வைக்கறேன். பெட்டிக்கு உயிர் வந்தா அங்க நிக்காம ஓடும், அதுலயே தெரிஞ்சிடும்." நூலகரையும் அழைத்துக்கொண்டு வேகமாகப் போனாள்.

கழுகு எப்போதும் கையோடு இருக்கும் குடையைத் துப்பாக்கி மாதிரி தூக்கிப் பிடித்தார். "அண்ணி, என் பின்னாலயே நில்லுங்க."

"நான் எப்பவும் அங்கதான் தம்பி நிக்கறேன். நீங்க விழுந்தா தூக்கணுமே."

முத்திரையைக் கிழித்தார். பூட்டைத் திறந்தார். கதவை உதைத்தார், அது இழுக்கிற கதவு. காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு இழுத்துத் திறந்து, "அசையாதே!" என்று கத்தினார்.

உள்ளே யாரும் அசையவில்லை. உள்ளே யாரும் இல்லை. உடைந்த நாற்காலிகளும் தூசி படிந்த பெட்டிகளும் கிடந்தன. ஒரு மூலையில், கழுத்தை வளைத்துத் தரையைப் பார்த்தபடி, சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது ஒரு மேஜை விளக்கு.

அண்ணிதான் முதலில் பேசினார். "மாடி வீட்டுக்காரர் இங்க எப்படி வந்தார் தம்பி?"

கழுகு குடையை மெல்ல இறக்கினார். விளக்கின் வயர் சுவரில் இருந்த ஒரே பிளக்கில் சொருகியிருந்தது. அதற்குக் கீழே, பிடுங்கிப் போட்ட இன்னொரு வயர் தரையில் கிடந்தது. அவர் கண் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு பழைய கம்ப்யூட்டரில் முட்டி நின்றது. எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கடிகாரத்தைத் தேடிய அன்று, அறை இருட்டாக இருந்தது. ஏதோ குப்பைப் பெட்டி உர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு விளக்கைச் சொருகினார். கைரேகை பார்த்தார். முத்திரை வைக்கும் உற்சாகத்தில் விளக்கை மறந்தார். உள்ளே கடைசியாகப் போன ஆள் யார் என்பதற்கு, கிழிந்து தொங்கும் காகிதத்தில் கையெழுத்தே இருந்தது.

எத்தனையோ வழக்கில் குற்றவாளியைக் கோட்டை விட்டவர், இந்தத் தடவை தப்பாமல் பிடித்துவிட்டார். பிடித்த பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

விளக்கைப் பிடுங்கிக் கம்ப்யூட்டர் வயரைச் சொருகினார். பொத்தானை அழுத்தியதும் கிழட்டுப் பெட்டி இருமிக்கொண்டு எழுந்தது. அது முழுசாக விழிக்கும் வரை இருவரும் ஆளுக்கொரு கால் உடைந்த நாற்காலியில், அதன் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அண்ணி," என்று குரலைத் தாழ்த்தினார் கழுகு. "எலின்னு சொல்லிடலாமா?"

"என்ன எலி?"

"எலி வயரைத் தட்டி விட்டுடுச்சு. பிளக் கழண்டுபோச்சு."

"கழட்டிட்டு, விளக்கைச் சொருகிட்டுப் போச்சா? படிச்ச எலிதான்."

"விளக்கை உங்க பைக்குள்ள வச்சுடலாம்."

"வைக்கலாம். வெளிய போய் எலின்னு சொல்லலாம். தலைவர் நம்பிடுவார், ஏன்னா உங்களையே நம்பறவர் அவர். ஆனா அந்தப் பொண்ணு என்ன ஆவா? கேக்கற பெட்டியைச் சரியாப் பாத்துக்கலன்னு நாளைக்கு அதுக்கும் அவளைத்தான் பிடிப்பாங்க. எலிக்கு வேலை போகாது தம்பி."

கழுகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்த ஊருல எனக்குன்னு ஒரு வழக்குகூட வராது அண்ணி, இதை வெளிய சொன்னா. கழுகுங்கற பேரே போயிடும்."

"படத்துல அது கோழிதானே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கொஞ்சம் அதோடு வந்தது. "வீடு மாத்தியிருக்கா. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்கா. காலையில அவ சொல்ல வந்தப்போ, கடைசியில பேசுன்னு நான்தான் அவ வாயை அடைச்சேன். திறக்க வேண்டிய கதவுல சீல் வச்சதும் நான்தான். பிடுங்கினதும் நான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "எலி வேண்டாம் அண்ணி. தலைவர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன். நீங்க கார்ல இருங்க, உங்களுக்கு எதுக்கு அவமானம்."

"உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், இது எனக்கு ஒரு அவமானமா? நடங்க, நானும் வரேன்," என்றார் அண்ணி. குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக இருந்தது.

அப்போது மேடைப் பக்கமிருந்து காலடிச் சத்தம். நெட்வொர்க் மேடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது, உதடு மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் துடித்தது.

"சார்... நிக்கல சார். வழக்கமா நிக்கற நேரம் தாண்டி ரொம்ப நேரமாச்சு. எல்லா அறையிலயும் ஓடிக்கிட்டே இருக்கு."

"என்ன ஓடுது? மேடையிலதான் யாருமே இல்லையே?"

அவள் அவருடைய காலரைக் காட்டினாள்.

கழுகு குனிந்து பார்த்தார். குட்டி மைக்கின் தலையில் ஒரு பொட்டு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"எலியிலிருந்தா?" என்று கேட்டார், ஈனக் குரலில்.

"'அசையாதே'யிலிருந்து."

தூரத்தில் எங்கோ ஓர் அறையிலிருந்து கொல்லென்று சிரிப்பு வெடித்தது. கொஞ்சம் தள்ளி இன்னோர் அறையில் கை தட்டினார்கள். எல்லா அறைக்கும் ஒரே நேரத்தில், ஒன்றுகூட விட்டுப்போகாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

துறைத் தலைவர் வந்து நின்றார். கையில் சாவிக்கொத்து இருந்தது. கழுகு பேச வாயெடுத்தார்.

"நீங்க சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாச்சு சார்," என்றார் தலைவர். நெட்வொர்க் மேடம் பக்கம் திரும்பினார். திரும்பினாரே தவிர, கண்ணை மேடையின் பலகையிலேயே வைத்திருந்தார். "இந்தக் கதவைத் திறக்கணும்னு முதல் நாளே கேட்டீங்க. கூடாதுன்னது நான்தான். என் மேலதான் தப்பு." சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தார். "நீங்க கேட்ட லீவையும் எடுத்துக்குங்க."

"மதியம் நீங்க பேசி முடிக்கட்டும் சார். அதுக்கப்புறம் எடுத்துக்கறேன்," என்றாள் அவள், கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டே.

மதியம் தலைவர் பேசினார். கூட்ட அறை, ஆய்வகம், நூலகம் எங்கேயும் படம் உறையவில்லை. பேச்சுதான் ஜவ்வாக இழுத்தது. பல பேர் கண்ணயர்ந்துவிட்டார்கள். ஆனாலும் கிழட்டுப் பெட்டி அலுக்காமல் "இன்னும் கேக்கறீங்களா?" என்று கேட்க, தூங்கியவர்கள் சார்பில் கம்ப்யூட்டர்கள் "ம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தன. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் பேச்சை எல்லாரும் கடைசி வரை கேட்டார்கள் என்று தலைவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கிளம்பும்போது நெட்வொர்க் மேடம் பெட்டிமேல் ஒட்ட ஒரு சீட்டு எழுத உட்கார்ந்தாள். என்ன எழுதினால் மனிதர்கள் தொடாமல் இருப்பார்கள் என்று யோசித்தாள்.

"எழுதவே வேண்டாம்," என்றார் அண்ணி. கழுகின் சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டு ஒன்றை உருவி, பெட்டியின் நெற்றியில் கோந்து தடவி ஒட்டினார். "இதைப் பாத்தா இந்த ஜன்மத்துல யாரும் இதைப் பிடுங்க மாட்டாங்க. பிடுங்கினா என்ன ஆகும்னு இப்போ ஊருக்கே தெரியும்."

கழுகு தள்ளி நின்று பார்த்தார். கோழி போலிருந்த கழுகு, பச்சை விளக்குக்குப் பக்கத்தில் சிறகை விரித்துக் காவல் நின்றது. முத்திரை போய்விட்டது, பரவாயில்லை. இதுவும் கொஞ்ச நாள் நிலைக்கும் போலிருந்தது. விளக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறினார்.

"போற வழியில மாடி வீட்டுக்காரரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடணும் அண்ணி."

"சொல்லுங்க. முதல்ல அந்த மைக்கைக் கழட்டிக் குடுத்துட்டு வாங்க."

அவ்வளவுதான் கண்ணுகளா. நல்ல பிள்ளைகள், கடைசி வரைக்கும் "ம்" கொட்டினீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் "ம்" என்று சொல்ல எப்போதும் ஓர் ஆள் இருக்கட்டும். சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறவரை, போய்விட்டார் என்று யாரும் விட்டுவிடாமல் இருக்கட்டும். உங்கள் வாசற்கதவில் ஒரு நாளும் முத்திரை விழாமல், உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும். பிள்ளை குட்டிகளோடு நன்றாயிருங்கள்.